வீகோ வீட்டுக்காரி

நான் பழகிய மனுஷிகளில், இடுப்புக்குக் கீழே ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரே மனுஷி அவள்தான். இரண்டு வருஷப் பழக்கம். அவள் மூக்கு தெரியும், மூக்கின் வலது பக்கத்து மரு தெரியும், தாடையில் முளைத்த நாலு வெள்ளை முடி தெரியும், கோபம் வந்தால் கழுத்து எதுவரை சிவக்கும் என்று தெரியும். கால் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவள் சதா கால்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பதுதான் இதில் விசேஷம்.

அவள் இருந்தது ஸ்பெயின் தேசத்தில், வீகோ என்கிற துறைமுக ஊரில், நாலாவது மாடியில். நான் இருப்பது மட்டாஞ்சேரியில், சுக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் போகிற சந்தில், மூன்றாவது வீட்டில். நடுவில் ஒரு செல்போன். அதை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னை ஒயின் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள் என்று பின்னால் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

எங்களுக்கு நடுவில் இருந்தவள் செல்வி. என் தங்கை மகள். தங்கை செத்துப்போனபோது அவளுக்கு எட்டு வயது; அன்றிலிருந்து என்னிடம்தான். எர்ணாகுளத்தில் மீன் சம்பந்தமான படிப்புப் படித்து, அதிலேயே மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து வீகோவுக்குப் போனாள். இரண்டு வருஷப் படிப்பு. எங்கள் சந்தில் கல்ஃபுக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. படிக்க என்று கடல் தாண்டிப் போனவர்கள் அதுவரை யாரும் கிடையாது. ஆகவே நான் சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். படகு ஜெட்டியில் முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ஆயிஷும்மா மட்டும்தான் மடக்கினாள். "ஸ்பெயினா? அவிடெ பந்து களிக்கிறவங்க அல்லே இருக்கிறது? படிப்பும் உண்டோ அக்கா?"

"உண்டு. முடிச்சு வரும்போது பார்ப்பே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, செல்வி படிப்பை முடிக்காமல் திரும்பி வருவது என்பது இல்லாமல் போய்விட்டது. அவளுக்கும் அது தெரியும்.

போய் மூன்று வாரம் அவளுக்கு அறை கிடைக்கவில்லை. கூடப் படிக்கிறவள் ஒருத்தியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் கல்லூரிக்குப் பக்கத்தில் இந்தக் கிழவி, தனியாக இருப்பவள், மகன் தலைநகரமான மத்ரீத்தில் இருப்பவன், தன் பின்னறையைக் கொடுத்தாள். இதை விட்டால் வேறு கூரை இல்லை என்பதுதான் நிலைமை. கூரை இல்லாவிட்டால் படிப்பு இல்லை.

முதல் நாளே வம்பு. செல்வி தன் செருப்பை வாசலுக்கு வெளியே, மாடிப்படி முகப்பில் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். நாம் எல்லாரும் செய்வதுதானே. மறுநாள் காலை செருப்பைக் காணோம். அங்கேயும் திருட்டு உண்டு போலிருக்கிறது என்று எனக்குச் சின்ன ஆறுதல். திருட்டு இல்லை. காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய வீட்டுக்காரி, படியில் செருப்பைக் கண்டு, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறாள். வேண்டாத செருப்பைத்தான் அந்த ஊரில் வாசலுக்கு வெளியே வைப்பார்களாம். போட்டுவிட்டு உள்ளே வந்தால், அடுப்படியில் செல்வி வெறுங்காலோடு நிற்கிறாள், காதில் போன், போனில் நான்.

"தெஸ்கால்சா!" என்று ஒரு அலறல் கேட்டது. வீடு பற்றி எரிகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா" என்றாள் செல்வி மெதுவாக. "வெறுங்கால்னு அர்த்தம்."

அந்த பாஷையில் நான் கற்ற முதல் வார்த்தை அது. சளி, இருமல், மூட்டுவலி, பிள்ளை தங்காமல் போவது, எல்லாம் தரையிலிருந்து உள்ளங்கால் வழியாகத்தான் ஏறுகிறது என்பது கிழவியின் கட்சி. அன்றைக்கே கடைக்குப் போய் வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து செல்வி முன்னால் வைத்தாள். முயல் ரோமம் மாதிரி மேலே, முயல் காது இரண்டு வேறு.

"வீட்டுக்குள்ள செருப்பா? அடுப்படியிலயா? சாமி படம் இருக்கிற அறையிலயா?" என்று நான் கேட்டேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் பெரியம்மா. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"நீ பண்ணிக்கோ. முருகன் பண்ணிக்குவாரா?"

அவள் என்ன செய்வாள், பாவம். வீடு முழுக்க முயல் காதோடு நடந்தாள். தன் மேஜையில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் மட்டும் கழற்றிவிட்டு நின்றாள். வீட்டுக்காரி கதவருகே கையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் இதைப் பார்த்தாளாம். நாலாம் நாள், அவளுடைய கூடத்தில், கப்பல்காரர்களைக் காக்கிற மாதா சிலைக்கு முன்னால் ஒரு சின்ன மிதியடி கிடந்தது. கிழவி தன் செருப்பை ஓரத்தில் விட்டு, அதன்மேல் ஏறி நின்று கும்பிட்டாள். கும்பிட்டு முடித்துச் செல்வியைக் கூப்பிட்டாள்.

"இந்த வீட்டில் மாதாவுக்கு முன்னால் யாரும் செருப்போடு நிற்கக் கூடாது. இது என் அம்மா காலத்து வழக்கம். ஞாபகம் வைத்துக்கொள்" என்றாளாம்.

"போன வாரம் அந்த மிதியடியே கிடையாது பெரியம்மா" என்றாள் செல்வி.

இதுதான் அவள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அவளை முழுக்கப் புரிந்துகொண்ட மாதிரி. தோற்பாள், தோற்றதாகக் காட்டமாட்டாள். தோற்ற இடத்திலேயே ஒரு சட்டத்தைப் போட்டு, அதை நமக்கே உத்தரவாகத் திருப்பித் தருவாள். எனக்கும் அந்தக் குணம் உண்டு என்று ஆயிஷும்மா சொல்வாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. நடுவில் அடுப்படிக்குப் போனால் வீட்டுக்காரி பின்னாலேயே வந்து நிற்பாள், ஏதோ களவு போகிற மாதிரி. பன்னிரண்டரைக்குச் சோறு தின்று வளர்ந்த பெண். முதல் பதினைந்து நாள் வகுப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். ஒரு நாள் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கிழவி பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து, கிளம்பும்போது உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை ஒரு துண்டை ரொட்டியில் வைத்துக் கையில் திணித்தாள். "பதினோரு மணிக்குத் தின்பது சாப்பாட்டில் சேராது. அது வாயை அடைப்பது" என்று அதற்கும் சட்டம்.

ஆனால் கடுகு விஷயத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. அங்கே படிப்பே ஆடிப்போயிற்று.

அவள் வீட்டில் எண்ணெய் புகையக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போயிருக்கிறாள் என்ற தைரியத்தில் செல்வி எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளித்திருக்கிறாள். கடுகு வெடிக்கும் நேரமும் கிழவி சாவி போடும் நேரமும் ஒன்றாகிவிட்டது. ஈரத் துண்டோடு ஓடிவந்து வாணலியை மூடி, ஜன்னலைத் திறந்து நாலு மாடிக்கும் கேட்கும்படி முறையிட்டு, கடைசியில் கேஸ் அடுப்பின் திருகைப் பிடுங்கித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாளாம். ஒரு வாரம் திருகு அந்தப் பையிலேயே இருந்தது. தூங்கும்போதும் ஏப்ரனைக் கழற்றவில்லை என்று செல்வி சத்தியம் பண்ணினாள். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று.

"வந்துரட்டுமா பெரியம்மா?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. முகத்தைக் காட்டாமல் மேல்கூரையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வாம்மா என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஜன்னலுக்கு வெளியே ஆயிஷும்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "மார்க் ஷீட்டோட வா" என்றேன்.

அவளைக் காப்பாற்றியது நான் இல்லை, சாளை மீன். அந்தச் சனிக்கிழமை கிழவி துறைமுகத்திலிருந்து சாளை வாங்கிவந்து கல் உப்புப் போட்டுச் சுட்டாள். போகப்போகிற பெண்தானே என்று அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். தட்டோடு முள்கரண்டி, கத்தி. தனக்கு வைக்கவில்லை, அவள் ரொட்டியின்மேல் மீனை வைத்துக் கையால் தின்றாள். செல்வி முள்கரண்டியைத் தொடவில்லை. தலைக்குப் பின்னால் ஒரு அழுத்து, இரண்டு விரலால் ஒரு இழு. முள்ளெலும்பு தலையோடும் வாலோடும் ஒரே சீராக வந்துவிட்டது. ஒரு பொட்டுச் சதை அதில் இல்லை. மட்டாஞ்சேரியில் ஆறு வயசுப் பிள்ளை செய்கிற வேலை. இதில் என்ன இருக்கிறது?

இருந்தது. அந்தக் கிழவி மீன் டின் அடைக்கிற ஆலையில் முப்பத்துநாலு வருஷம் வேலை செய்தவள். சாளையைத் தலை கிள்ளி டின்னில் அடுக்குவதுதான் அவள் உத்தியோகம். தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாளாம். இன்னொரு மீனைத் தட்டில் வைத்தாள். இன்னொன்று. ஏழு மீன். ஏழு எலும்பும் சீப்பு மாதிரி வரிசையாகக் கிடந்தன. கிழவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பையிலிருந்து திருகை எடுத்து அடுப்பில் மாட்டினாள்.

"வெடிக்கிற விதைகளைச் சனிக்கிழமைகளில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெடிக்க வேண்டும். அப்புறம், இந்த வீட்டில் சாளைக்கு முள்கரண்டி வைக்கிற வழக்கம் கிடையாது" என்றாள்.

"பின்னே வச்சது யாராம்?" என்று கேட்டேன்.

"அவங்கதான் பெரியம்மா." செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறை காலி பண்ணுகிற பேச்சு அதன்பிறகு எழவில்லை.

அந்த வாரம்தான் கிழவி முதல் முறையாகப் போனில் என்னை நேருக்கு நேர் பார்த்தாள். கோழி வாங்க வந்தவள் கோழியைப் பார்க்கிற பார்வை. நானும் அதே மாதிரிப் பார்த்தேன். பிறகு அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். டின் விளிம்பு வெட்டிய தழும்புகள், விரலுக்கு இரண்டாவது இருக்கும். சும்மா விடுவேனா? சுக்குக் கிட்டங்கியில் இஞ்சித் தோல் சுரண்டிச் சுரண்டி நகம் வளராமலே போன என் கட்டைவிரலைக் காட்டினேன். எத்தனை வருஷம் என்று கேட்டாள். நாற்பது என்றேன். அதில் கடைசிப் பதினைந்து வருஷம் நாற்பது பெண்களுக்கு மேஸ்திரி என்பதையும் சொல்லச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"நல்லதுன்னு சொல்றாங்க."

"அவ்வளவு நேரம் பேசினது ஒரு நல்லதுக்கா?"

"இஞ்சி நகராது, மீன் வழுக்கும். அதனால உங்க நாற்பதும் அவங்க முப்பத்துநாலும் சமம்னு சொல்றாங்க."

இப்படி வெட்டிச் சுருக்கியே செல்வி இரண்டு பக்கமும் சமாதானத்தைக் காத்தாள். நான் சொன்னதில் பாதி அங்கே போயிருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. செல்வி தேறிவிட்டாள். பதினோரு மணிக்கு வாயை அடைத்து, மூன்று மணிக்குச் சாப்பிட்டு, பாஷையும் பேசி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் நான் சரி என்றேன். தலைமுடியில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

அங்கத்துத் தண்ணீருக்கு அவளுக்கு முடி கொட்டியது. வகிடு அகலமாவதைப் போனிலேயே பார்த்தேன். அந்த ஊருக்குப் போகிற ஒருத்தி கையில் நல்லெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துக் குளி என்றேன்.

"பாத்ரூம் கண்ணாடிப் பெட்டி மாதிரி பெரியம்மா. உள்ள நிக்கவே இடமில்லை. எண்ணெய் தேய்ச்சு ஊற எங்க போறது? இவங்க பார்த்தா வெறுதே பிரச்சினை."

"உன் தலையில நீ எண்ணெய் வைக்க அவகிட்ட உத்தரவு வாங்கணுமா? வீட்டு நடையிலயே நடந்துட்டு இரு. ஊறட்டும்."

என் பேச்சைத் தட்டாதவள். படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, தலையும் காலும் எண்ணெய் சொட்ட நடையில் நடந்திருக்கிறாள். வெறுங்கால், ஆகையால் தரை வழுக்குவது அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்காரி செருப்புப் போட்டவள், அவளுக்குத் தெரியவில்லை. நடையின் ஒரு கோடியிலிருந்து வந்தவள் நடுவில் விழுந்தாள். இடுப்பு எலும்பு.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து செல்வி கூப்பிட்டாள். மகன் மத்ரீத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறான், எப்படி விழுந்தாள் என்று கேட்பான், உண்மை தெரிந்தால் அன்றே பெட்டியைத் தெருவில் வைப்பான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. எனக்கு முதலில் வாயில் வந்தது இதுதான்: "எண்ணெய்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அந்தக் கிழவி எப்படி இருக்கிறாள் என்று இரண்டாவதாகத்தான் கேட்டேன். இதை எழுதாமல் விட்டால் நான் அவளைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

மகன் வந்தான். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவன், மறுபக்கம் செல்வி. எப்படி விழுந்தாய் என்று கேட்டான். முழங்கையில் நல்லெண்ணெய் மினுமினுக்க, அறை முழுக்க அந்த வாசனை வீச, கிழவி சொன்னாளாம்: "செருப்பு. பழைய செருப்பு, அடி தேய்ந்துபோயிற்று. மாற்றாமல் விட்டது என் தப்பு."

செருப்பைக் குற்றம் சொன்னாள்! ஊரில் உள்ள நோயெல்லாம் செருப்புப் போடாததால் வருகிறது என்றவள்.

மகன் காபி வாங்கப் போனதும், செல்வி பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைகளில் இனிமேல் தரையில் செய்தித்தாள் விரிக்க வேண்டும்."

இதைச் செல்வி சொன்ன அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பசி இல்லை என்று ஆயிஷும்மாவிடம் சொன்னேன்.

ஆனாலும் ஆபத்து தீரவில்லை. ஆபரேஷன் முடிந்து, பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டம் ஒன்றோடு அவள் வீட்டுக்கு வந்தாள். பகலில் தனியாக விட முடியாது, ஆள் இல்லையென்றால் வீட்டைப் பூட்டி அம்மாவைக் கூட்டிப் போய்விடுவேன் என்றான் மகன். வீட்டைப் பூட்டினால் செல்வி எங்கே போவாள்? வேலைக்காரி வைத்துக்கொள்ளக் கிழவி ஒப்பவில்லை. என் அடுப்படியில் இன்னொருத்தியா என்று கழுத்து சிவந்தாள். செல்விக்கோ காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஆய்வுக்கூடம். இரண்டு மாதத்தில் எழுதிக்கொடுத்தாக வேண்டும்.

"அவ போனைத் திறந்து வச்சுட்டுப் போ" என்றேன். "நான் பார்த்துக்கிறேன்."

"இங்கிருந்து நீங்க எப்படி பெரியம்மா?"

"நாற்பது பொம்பளைங்களைப் பார்த்தவ, ஒருத்தியைப் பார்க்கமாட்டேனா? அவ எந்திரிச்சா நான் கத்துறேன். விழுந்தா உன்னைக் கூப்பிடுறேன். எதிர் வீட்டுல சாவி கொடுத்து வை."

அப்படித்தான் நடந்தது. அங்கே ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை நான் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆயிஷும்மா தினமும் எட்டிப் பார்ப்பாள். "எந்தா அக்கா, மதாம்மாவுக்கு ஹோம் நர்ஸ் ஆயியோ? சாப்பாடும் போன் வழியா ஊட்டி விடுவீங்களோ?"

"உனக்கு விழுந்தாலும் பார்ப்பேன். முதல்ல விழு" என்றேன்.

கண்ணாடி அடைத்த பால்கனியில், நாற்காலியில், பட்டாணி உரித்துக்கொண்டு அவள் இருப்பாள். நான் அரிசியில் கல் பொறுக்குவேன். ஒரு நாள் மழை வருகிறது என்று நடைச்சட்டத்தைத் தொடாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தாள். "உக்காருடி!" என்று ஒரு சத்தம் போட்டேன். கிட்டங்கிச் சத்தம். நாலாம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு நாள் போன் சரிந்து, தரையில் நீட்டியிருந்த என் கால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தெஸ்கால்சா!" என்று அங்கிருந்து ஒரு அலறல். வாசலில் நின்ற ஆயிஷும்மாவின் கையிலிருந்த சாயா கொட்டிவிட்டது. மத்தியான வெயிலில் எனக்குக் கண் சொக்கும்போது, அவள் கரண்டியால் மேஜையில் தட்டி எழுப்புவாள்.

மகனிடம் அவள் என்ன சொல்லிவைத்திருந்தாள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "அந்த இந்தியாக்காரி பாவம், பகல் பூரா தனியாக இருக்கிறாள், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன்." செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் யாரைப் பார்த்துக்கொள்வது? அன்றைக்கு ஒரு மணி நேரம் வேண்டுமென்றே போனுக்கு முகம் காட்டாமல் அரிசியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

செல்வி படிப்பை முடித்தாள். மார்க் ஷீட்டோடு வந்தாள். ஆயிஷும்மாவுக்கு இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். இப்போது பக்கத்தில் தோப்பும்படியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று மணிக்கு முன்னால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. வீட்டுக்குள் செருப்புப் போடுகிறாள். தரை ஈரமாக இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நானே சொல்லிவிட்டேன். மட்டாஞ்சேரியில் தரை எப்போது காய்ந்திருக்கிறது.

கிழவியை அந்த வருஷமே மகன் மத்ரீத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள் என்று செய்தி வந்தது. நாலு வருஷம் ஆகிறது. போட்டோ ஒன்றும் என்னிடம் இல்லை. போனில் இரண்டு வருஷம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்தக் காவல் நாட்களில் ஒரு நாள். ஜூன் மாதம். இங்கே விடாத மழை, கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும். செல்வி எழுதிக்கொடுக்க இன்னும் பத்து நாள். கிழவி பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். வலி. அதை யாருக்கும் காட்டமாட்டாள். என்னை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

"இங்க பாரு" என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். உனக்குப் புரியாது, அதனாலதான் சொல்றேன். அந்த எண்ணெய் நான் கொடுத்துவிட்டது. தேய்க்கச் சொன்னதும் நான்தான், நடையில நடக்கச் சொன்னதும் நான்தான். பிள்ளை வேண்டாம்னுச்சு. நீ விழுந்ததும், வாயை மூடிக்கன்னு சொன்னதும் நான்தான். நீ எப்படி இருக்கேன்னுகூட முதல்ல கேட்கலை."

எழுபது வயதில் யாரிடமும் நான் தப்பு என்று ஒத்துக்கொண்டவள் இல்லை. வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடமும் இல்லை. சொல்லிவிட்டு அரிசி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். என் பக்கம் பார்த்து இல்லை. ஜன்னலுக்கு வெளியே, துணிக்கொடியைப் பார்த்து. நீளமாகப் பேசினாள். வழக்கமான உத்தரவுக் குரல் இல்லை. நடுவில் இரண்டு மூன்று தடவை "செல்பி, செல்பி" என்று வந்தது. அவள் செல்வியை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு இடத்தில் கழுத்து சிவந்தது. கோபத்தால் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தக் கழுத்தை இரண்டு வருஷம் பார்த்தவள் நான். கடைசியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பிப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரி, விடு" என்றேன்.

தலையை ஆட்டினாள். பட்டாணியை எடுத்துக்கொண்டாள். எதை மன்னித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவி போடுகிற சத்தம் கேட்டது. செல்வி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் போனுக்குள் குனிந்தாள். "என்ன பெரியம்மா, ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? சண்டையா?"

"சண்டை என்ன சண்டை. சும்மா பேசிட்டிருந்தோம்."

"உங்களுக்குள்ள என்ன பேச்சு?"

"மழையைப் பத்தி."

அவள் திரும்பிக் கிழவியிடம் கேட்டாள். கிழவி பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே வார்த்தை சொன்னாள். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவங்க மீனைப் பத்தின்னு சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல."

"பொய் என்ன இதுல?" என்றேன். "மழைன்னா மீன் வரத்துக் குறையும். அதைத்தான் பேசிட்டிருந்தோம்."